நம் தரப்பில் சேதம் இல்லை

பெத்தன் டீக்கடை ரேடியோவை மரிய ஜெரால்டு கோடாரியால் பிளந்தபோது அதற்குள் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல். மலையின் பெயரைச் சொன்னாள், எதிரிகள் இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னாள், நம் தரப்பில் சேதம் இல்லை என்றும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல ரேடியோ மிச்சமில்லை. பேட்டரிக்கட்டைகள் உருண்டுபோய் வடைத்தட்டு மேஜைக்குக் கீழே கிடந்தன.

கார்கில் சண்டை நடந்த வருஷம் அது. ஆனி மாதம். சண்டை என்னவோ பனி மலையில்தான் நடந்தது. மீசை முறுக்கியதெல்லாம் சாக்கோட்டை ரோட்டில் பெத்தன் கடை பெஞ்சில். வெள்ளனவே எழுந்து வயலுக்கும் கொத்து வேலைக்கும் கிளம்புகிறவர்கள், ஒரு டீயை வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மலையை ஜெயித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். எதிரி செத்த கணக்கைச் சொல்லச் சொல்லக் கை தட்டுவார்கள். கொஞ்ச நாள் முந்தி உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்குத் தட்டிய அதே கைதான். தட்டுகிற கைக்கு எது எதற்கென்று ஒன்றும் தெரியவில்லை.

மரிய ஜெரால்டு பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரி. சிலோனுக்கு அனுப்பிய படையில் போய்த் திரும்பி, பென்ஷனுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் மூட்டு வலி என்றார். வந்ததிலிருந்து கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறார். வேலிக்கருவையைத் தூரோடு வெட்டி, கட்டை கட்டையாகத் துண்டுபோட்டுச் சுமந்து அடுக்குகிற வேலை. மூட்டு வலிக்காரன் செய்கிற வேலையா இது என்று ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவர் டீ குடிக்கத்தான் வந்தார். மகன் நெல்சன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது. மறுநாள் சிவகங்கையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்காகவே விடியும் முன்னால் ரோட்டில் ஓடி ஓடிக் காலை இரும்பாக்கி வைத்திருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் அவன் முதுகைத் தட்டி, "உன் பங்குக்கும் ரெண்டு பேரை மிச்சம் வச்சிருப்பாங்கெடா" என்று சிரித்தார்கள்.

"அந்த ரேடியோவை அமத்து பெத்தா," என்றார் ஜெரால்டு.

"ஏண்ணே? நம்மாளுக நொறுக்கிக்கிட்டு இருக்காக. உக்காந்து கேளுங்க."

"யாரு எண்ணிப் பாத்தா?"

"எதைண்ணே?"

"செத்தவனைத்தான். இத்தன பேருன்னு வாசிக்கிறாளே, எவன் அந்த மலையில ஏறிப் புரட்டிப் பாத்து எண்ணுனான்? செத்தவன் எதிரிதான்னு எவன் பாத்தான்?"

"கவருமெண்டு ரேடியோண்ணே. பொய்யா சொல்லும்?"

"சொல்லும்."

 கொத்தனார் இராமு டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "மிலிட்டரிக்கு யாரு மேல பாசம்னு தெரியலையேப்பா. இம்புட்டு வருத்தப்படுறாரே, அவனுக என்ன இவருக்கு மாமன் மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெல்சனும் சிரித்தான். ஜெரால்டு மற்ற யாரையும் பார்க்கவில்லை, அவன் வாயைத்தான் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ரேடியோக்காரி சேதம் இல்லை என்றாள். தோளில் கிடந்த கோடாரி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவரை அடித்தார்கள். கூப்பிட்டு நியாயம் கேட்டு அடிக்கவில்லை; நாய் புகுந்த வீட்டில் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பார்களே, அப்படி. முதல் அடி இராமுவுடையது, காதோடு சேர்த்து. பெத்தன் பால் கிண்டுகிற கரண்டியால் வாயில் அடித்தான். கொதிக்கிற பாலில் கிடந்த கரண்டி, உதடு கிழிந்ததோடு வெந்தும் போனது. கீழே விழுந்த பிறகு விலாவில் யார் யார் மிதித்தார்கள் என்று சொல்ல முடியாது. துரோகி என்ற வார்த்தையை மட்டும் ஆளாளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். தினமும் காலையில் "என்ன மிலிட்டரி" என்று கேட்ட வாய்கள்தான். ஜெரால்டு திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாமல் இல்லை.

நெல்சன் கையில் டீ கிளாசோடு நின்றான். ஒரு அடி முன்னால் வைத்தான். பிறகு கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்க நடந்துவிட்டான்.

"ரேடியோ ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு வந்து இதைக் கொண்டு போ," என்று பெத்தன் கோடாரியைக் கடைக்குள் தூக்கிப் போட்டான்.

ஜெரால்டு போட்ட மூட்டம் ஊருக்கு மேற்கே, சென்னையோடு போய்விட்ட செட்டியார் ஒருவருடைய கருவைக் காட்டில் இருந்தது. கட்டைகளைக் கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, ஈர மண்ணால் மூடிப் பூசி நெருப்பு வைத்தாகிவிட்டது. இனி உள்ளே கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் மொத்தமும் சாம்பல்தான். ஆனிக் காற்றோ இரவு பகல் பார்க்காமல் அடித்தது. மனைவி பவுலின் தண்ணீர்க் குடமும் மண்வெட்டியுமாக மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வெடிப்பு கண்ட இடத்திலெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டிருந்தாள். புகையில் கண் கோவைப்பழமாகியிருந்தது.

புருஷன் விலாவைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"யாருங்க அடிச்சது? மாதாவே, வாயெல்லாம் இப்படி வெந்து கிடக்கு."

"ஊரு அடிச்சுச்சு."

"நீக என்ன செஞ்சீக?"

சொன்னார். அவள் முந்தானையை நனைத்து உதட்டில் ஒத்தினாள். ஒத்தும்போதே கோபம் வந்துவிட்டது, கொஞ்சம் அழுத்தித்தான் ஒத்தினாள்.

"ஒரு ரேடியோ பேசிட்டுப் போறதுல உங்களுக்கு என்ன வந்துச்சு? அது பாட்டுக்கு மூலையில கிடந்து பேசுது."

"பொய் பேசுது பவுலின்."

"பேசட்டுமே. நீக சிலோனுக்குப் போனப்ப எனக்கு யாரு பேசுனா? உங்க காயிதம் மாசம் ஒண்ணு வந்தா பெருசு. கையில ஏழு வயசுப் பயலை வச்சுக்கிட்டு, தெனமும் பொழுது சாஞ்சா மாதா கோயில் சாமியார் பங்களா வாசல்ல போயி நிப்பேன். அங்க ரேடியோ வைப்பாக. 'நம் தரப்பில் சேதம் இல்லை'ன்னு சொன்னாத்தான் வீட்டுல வந்து உலை வைப்பேன். அது பொய்யோ மெய்யோ, அதைக் கேட்டுத்தான் நான் சோறு தின்னேன். தூங்குனேன். இல்லாட்டி அந்தப் பயலையும் தூக்கிக்கிட்டுக் கிணத்துல விழுந்துருப்பேன். அதைப் போயி கோடாரியால வெட்டுனீகளாக்கும்."

ஜெரால்டு தூக்குச்சட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே கேப்பைக் கஞ்சியும் சுட்ட கருவாடும் இருந்தன. வெந்த உதட்டில் உப்புக் கருவாடு பட்டதும் முகம் கோணியது. கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை மட்டும் குடித்தார்.

"நெல்சன் அங்கனதான் இருந்தானா?" என்றாள் பவுலின் மெதுவாக.

"இருந்தான்."

"தடுக்கலையா?"

"டீயை வச்சுட்டுப் போயிட்டான்."

அவள் எழுந்து மூட்டத்தின் மறுபக்கம் போய்விட்டாள். அந்தப் பக்கம் வெடிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

மத்தியானம் போல நெல்சன் வந்தான். மறுநாள் போட வேண்டிய வெள்ளை பனியனும் அரைக்கால் சட்டையும் பையில் இருந்தன. அன்று சாயங்காலமே சிவகங்கைக்குப் பஸ் ஏறிவிட வேண்டும். விடிகாலையில் வரிசையில் நிற்காவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தான். அப்பா பக்கம் பார்க்காமலேயே, "வாரேம்மா" என்றான்.

"நீ போகலை," என்றார் ஜெரால்டு.

"நான் அம்மாக்கிட்டதான் சொன்னேன்."

"போகலைன்னா போகலை. கட்டை கிடக்கு, துண்டு போடு."

"கோடாரி எங்க? அதான் பெத்தண்ணன் கடையில கிடக்கே." நெல்சன் சிரித்தான். "இன்னிக்கு எனக்கு எம்புட்டு அசிங்கம் தெரியுமா? நாளைக்குப் பட்டாளத்துக்குப் போறவன்டா நானுன்னு சொல்லிட்டு உக்காந்துருக்கேன், எங்கப்பாவைத் துரோகின்னு மிதிக்கிறாக. நான் என்ன செய்யணும்கிறீக? கூட விழுந்து மிதி வாங்கணுமா?"

"வாங்கியிருக்கலாம்," என்றாள் பவுலின்.

நெல்சனுக்கு அது சுருக்கென்று தைத்தது. கொஞ்சம் இறங்கி வந்து பேசினான். "அம்மா, நான் என்ன தப்புக்கா போறேன்? இந்தக் கருவை முள்ளுல கால் வீங்கிச் சாகுறதுக்கு அங்க போயிச் சாகலாம். சம்பளம் வரும். வீட்டுக்கு ஓடு மாத்தலாம். இவரு ஒழுங்கா இருந்து பென்ஷன் வாங்கியிருந்தா நீ இப்படிப் புகையில கிடப்பியா? மூட்டு வலின்னு வந்துட்டாரு. எந்த மூட்டு வலிச்சுச்சுன்னு கேளு."

ஜெரால்டு மூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வெந்த வாய் என்பதால் வார்த்தைகள் ஒழுகிக்கொண்டுதான் வந்தன.

"அங்குட்டும் பனைதான். நம்ம ஊரு மாதிரியே வரப்பு நெடுக பனை. முந்தின நாளு எங்க கூட்டத்துல ரெண்டு பேரு செத்துப் போயிட்டாங்க. மரத்து மேல இருந்து சுட்டதுன்னு பேச்சு. மறுநாள் விடிய, ஒழுங்கைன்னு சொல்லுவாக, சந்து, அதுல போறோம். எங்கூட வந்தவன் வடக்கத்தியான். பனையவே பாத்தது இல்ல. மேல ஆளுன்னான். நான் அண்ணாந்து பாத்தேன். இடுப்புல பாளைக் கத்தி, கலயம், கால்ல தளை. பனையேறி. நம்ம ஊருப் பயலுக்கு அது தெரியாதா? விடிகாலையில பனை மேல இருக்கிறவன் யாருன்னு அங்க இருந்தவங்கள்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் சுட்டேன். பயம். கை முந்திருச்சு."

பவுலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கலயம்தான் மொதல்ல விழுந்துச்சு. பதனி எம் மேல எல்லாம் கொட்டுச்சு. பொறகு அவரு விழுந்தாரு. மரத்தைப் பிடிச்சுக்கிட்டே, நெஞ்சுத் தோலு உரிய உரிய வந்து விழுந்தாரு. உசுரு இருந்துச்சு. 'தம்பி, நான் பாளை சீவ வந்தனான்' அப்படின்னாரு. தமிழ்ல சொன்னாரு. எங்கூட இருந்தவனுக்கு அது புரியல. எனக்குத்தான் புரிஞ்சுச்சு. எங்காளுல ஒருத்தன் இன்னொரு குண்டைப் போட்டான்."

காற்று திரும்பிப் புகை மூவர் மேலும் விழுந்தது. ஒருவரும் நகரவில்லை.

"அன்னிக்கு ராத்திரி முகாமுல ரேடியோ கேட்டோம். மரத்துல பதுங்கியிருந்த தீவிரவாதி சுட்டுக் கொல்லப்பட்டான், நம் தரப்பில் சேதம் இல்லை. தமிழ்ச் செய்தி. எல்லாரும் என் முதுகுல தட்டுனாங்க. நான் என்னத்தச் செஞ்சேன்னு ஒருத்தனும் என்னையக் கேக்கல. நானும் சொல்லல. ரேடியோவும் சொல்லல. அன்னிக்கும் நீ சாமியார் பங்களாவுல நின்னு கேட்டுட்டுப் போயி உலை வச்சிருப்ப, பவுலின்."

பவுலின் வாயைப் பொத்திக்கொண்டாள். 

நெல்சன் குனிந்தபடி நின்றான். மகன் மனசு மாறிவிட்டான் என்றுதான் ஜெரால்டு நினைத்தார். அவன் நிமிர்ந்து கேட்டது வேறு.

"அது நீக செஞ்ச தப்பு. அதுக்கு நான் ஏன் போகக் கூடாது?"

"உன்னையும் செய்ய வைப்பாங்கெடா."

"நான் செய்ய மாட்டேன்."

"நானும் அப்படித்தான் போனேன்."

"உங்களுக்குக் கோவம் ரேடியோ மேல இல்ல. ஒருத்தரும் உங்களை ஏன்டா சுட்டன்னு கேக்கலை, அதான் உங்க கோவம். அதுக்கு ஊரான் ரேடியோவை வெட்டுறீக. வாரேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் வினை.

துண்டு போட்ட பச்சைக் கட்டைகள் குவிந்து கிடந்தன. ஜெரால்டு ஒன்றை உருவி, இரண்டு எட்டில் போய், பின்னாலிருந்து முழங்காலுக்குக் கீழே வீசினார். நெல்சன் குப்புற விழுந்தான். விழுந்தவன் புரண்டு, "அப்பா" என்று கையை நீட்டினான். அடிக்க வேண்டாம் என்ற கைதான் அது. ஜெரால்டு அந்தக் கையைத் தள்ளிவிட்டு அதே காலில் இன்னொரு தரம் ஓங்கி இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் மூட்டத்தருகே நின்ற பவுலினுக்குக் கேட்டது. சுள்ளி ஒடிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு நெல்சன் கத்திய கத்தலில் காட்டுக்குள் ஆடு மேய்த்தவர்கள் ஓடி வந்தார்கள்.

பவுலின் கட்டையைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் அதாலேயே புருஷனை அடித்தாள். தோளில், முதுகில், ஏற்கெனவே மிதி வாங்கிய விலாவில். "கொன்னு போடுறேன், கொன்னு போடுறேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். கை ஓய்ந்ததும் அவள் கட்டையை எறிந்துவிட்டு மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கால் முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு இடத்தில் மடங்கிக் கிடந்தது. எலும்பின் வெள்ளை தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது. அதன் மேல் கரித்தூள் அப்பியிருந்தது.

பக்கத்து மூட்டத்தில் கரி ஏற்ற வந்த டிராக்டரில் வைக்கோலைப் போட்டு, அவனைக் கிடத்திக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் அலறினான். ஜெரால்டு டிரெய்லர் ஓரத்தில் உட்கார்ந்து, கால் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். முதல் தடவை நெல்சன் எட்டித் தள்ளினான். பிறகு தள்ளத் தெம்பில்லை.

டாக்டர் கேட்டதற்கு நெல்சன், "மரம் சாஞ்சு கால் மேல விழுந்துருச்சு" என்றான். பெற்ற அப்பன் ஒடித்தான் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? பவுலினும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆனால் மரம் விழுந்த காயம் எப்படி இருக்கும், கட்டையால் அடித்த காயம் எப்படி இருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்தபோது ஏட்டு ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனிதர். சோர்ந்த மனிதர்.

"மரம் விழுந்துச்சாக்கும்?" என்றார்.

"நாந்தான் அடிச்சேன்," என்றார் ஜெரால்டு.

"என்னங்க," என்று பவுலின் அவர் கையைப் பிடித்தாள்.

"பச்சைக் கட்டையால, பின்னாடி இருந்து அடிச்சேன். விழுந்த பொறகும் அடிச்சேன். நாளைக்கு இவன் ஓடக் கூடாதுன்னு அடிச்சேன். எழுதிக்கங்க."

ஏட்டு அவருடைய உதட்டைப் பார்த்தார், விலாவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். டீக்கடை விவகாரமும் அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். எழுதினார். எழுதியதைத் தணிந்த குரலில் படித்தார்: "குடும்பத் தகராறில் ஏற்பட்ட தள்ளுமுள்ளில் மகனுக்குக் காலில் லேசான காயம். போதுமாய்யா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டைப் பாத்துப் போங்க. ஒடிச்சேன்னு எழுதுனா கேஸு பெருசாயிரும். உள்ள போகணும், கோர்ட்டுக்கு அலையணும்."

"தள்ளுமுள்ளு நடக்கலை. அடிச்சேன். லேசான காயமும் இல்ல. எலும்பு ரெண்டாப் போச்சு. அப்படி எழுதாதீக."

"உங்களுக்கு நல்லது செய்யிறேன்யா."

"தெரியுதுங்க. வேணாம்."

பவுலின் அவர் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. வார்டில் மற்ற நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

"அங்க ஒரு மனுசன் செத்ததுக்கு இங்க எம் புள்ள காலை ஒடிச்சீக. இப்ப நீகளும் உள்ள போறேங்கிறீக. மூட்டம் வேகுது, காத்து அடிக்குது. நான் எதைப் பாக்க? இவனைப் பாப்பனா, மூட்டத்தைப் பாப்பனா? ஒரு வார்த்தை மாத்தி எழுதுனா என்ன கொறஞ்சு போகும்? உங்க உண்மையை வச்சு நான் உலை வைக்க முடியுமா?"

  ஜெரால்டு மனைவியின் தலையில் கை வைத்தார், அவள் தட்டிவிட்டாள். ஏட்டு பெருமூச்சு விட்டு, எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஜெரால்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"போகலாமா?" என்றார் ஏட்டு.

ஜெரால்டு எழுந்தார். கட்டிலில் நெல்சன் கண்ணை மூடிக் கிடந்தான், ஊசி போட்டிருந்தார்கள். தூங்குகிறான் என்று நினைத்து அவர் வாசல்வரை போய்விட்டார்.

"அப்பா."

திரும்பினார். கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அந்தப் பனையேறி. அவரு பேரு என்ன?"

ஜெரால்டு வாயைத் திறந்தார். ஏட்டு அவர் தோளில் வைக்கப்போன கையை வைக்காமல் நின்றார். ரேடியோவை வெட்டியபோதும் மகனை அடித்துச் சாய்த்தபோதும் வராத அழுகை அவருக்கு வந்தது.

"தெரியலடா," என்றார். "நான் கேக்கலை."